சிக்காக்கோவைக் கட்டியவர்கள்

சிக்காக்கோ என்னும் பெயரைக் கேட்டதும் எம்மவரிற் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவது 1893 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அங்கு கூடிய சர்வமதப் பேரவையே. சுவாமி விவேகானந்தர் அங்கு உரையாற்றினார். எமது நாட்டவரான அநகாரிக தர்மபாலரும் அதே பேரவையிற் பௌத்தத்தின் சார்பிலே பேசினார். 1897 இல் விவேகானந்தர் தாயகம் திரும்பும் வழியிற் கொழும்பில் இறங்கி, யாழ்ப்பாணம் வரை சென்ற கதையையும் நாம் அறிவோம். ஆனால், அப்பேரவைக்கு இடமளித்த நகரம் எத்தகையது, அதனைக் கட்டியெழுப்பியவர்கள் யாவர் என்ற வினாவை எழுப்பியவர்கள் எம்மிடையே மிகச் சிலரே.

பேரவை தனித்து நடந்ததன்று. கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்து நானூறு ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு நடத்தப்பெற்ற உலகக் கண்காட்சியின் ஓர் அங்கமாகவே அது கூட்டப்பட்டது. மிச்சிகன் ஏரிக்கரையிலே கண்காட்சிக்கென எழுப்பப்பெற்ற மாளிகைகள் யாவும் வெண்ணிறம் பூண்டு நின்றமையால் மக்கள் அதனை ‘வெள்ளை நகரம்’ என்றழைத்தனர். தூண்களும் விதானங்களும் சலவைக் கல்லாற் சமைந்தவைபோலத் தோன்றின. உண்மையில் அவை சட்டங்களின்மீது சாந்தும் நாரும் கலந்து பூசப்பட்டவை. அவ்வாண்டிலேயே அமெரிக்காவைப் பெரும் பொருளாதார நெருக்கடி பீடித்தது. கண்காட்சி முடிவுற்ற குளிர்காலத்தில், வேலையும் வீடும் இழந்தோர் சிக்காக்கோ நகர மண்டபத்தின் கற்றரையிற் படுத்துறங்கிய காட்சியை டபிள்யூ. ரி. ஸ்ரெட் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் நேரிற் கண்டு எழுதினார். மறு ஆண்டு ஜூலையில் வெள்ளை நகரத்தின் பெரும் பகுதி எரிந்து சாம்பராயிற்று. சாம்பராகாத சிக்காக்கோ ஒன்று இருந்தது. நாம் இங்கு ஆராய முற்படுவது அதனையே.

அந்நகரின் வளர்ச்சி வேகம் உலக வரலாற்றில் அதற்கு முன் காணப்படாதது. 1833 இல் சில நூறு பேர் வாழ்ந்த சேற்றுநிலக் குடியிருப்பு அது. அதே ஆண்டிற் செய்துகொள்ளப்பட்ட ஓர் உடன்படிக்கையின் வாயிலாகப் பொட்டவட்டோமி என்னும் ஆதிக்குடிகளிடமிருந்து அவர்தம் நிலம் பறிக்கப்பட்டது. அவர்கள் மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் விரட்டப்பட்டனர். ‘வெறுநிலத்தில் எழுந்த நகரம்’ என்று பெருமை பேசுவோர் இந்த முதலத்தியாயத்தைத் தாண்டியே செல்வர். 1850 இல் மக்கட்டொகை முப்பதினாயிரத்தைத் தொட்டது. 1870 இல் ஏறத்தாழ மூன்று இலட்சம்; 1880 இல் ஐந்து இலட்சம்; 1890 இல் பதினொரு இலட்சம். 1910 இல் 21,85,283. ஒரு மனிதனின் ஆயுட்காலத்துள் ஒரு சிற்றூர் உலகின் மாநகரங்களுள் ஒன்றாயிற்று. 1890 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அந்நகர மக்களில் நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் பிறநாடுகளிற் பிறந்தோர். அவர்தம் பிள்ளைகளையும் சேர்த்தால் அத்தொகை முக்காற் பங்கினையும் தாண்டும்.

இவர்கள் ஏன் வந்தனர்? சுதந்திர தேவியின் தீபம் அழைத்தது என்பர் பாடநூலாசிரியர். அச்சிலை 1886 இலேயே நிறுவப்பட்டது. அயர்லாந்தின் உழவரோ அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே வந்துவிட்டனர். உருளைக்கிழங்குப் பயிர் அழுகிய 1845 ஆம் ஆண்டை அடுத்து மூண்ட பஞ்சத்திலே, அந்நாட்டிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக் கொண்டிருக்கையிலேயே, பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். ஏறத்தாழ அத்தனை பேர் கடல் கடந்தனர். மிச்சிகன் ஏரியை இல்லினோய் ஆற்றோடு இணைத்து 1848 இல் திறக்கப்பட்ட கால்வாயை வெட்டியவர்களிற் பெரும்பாலோர் ஐரிஷ்காரரே. சிக்காக்கோவின் வணிக வாழ்வு அக்கால்வாயோடு தொடங்கிற்று எனலாம். 1848 இல் ஜேர்மனியிற் புரட்சி தோற்றபின் அங்கிருந்து வந்தவர்கள் தொழிற்றிறனோடு சமதர்மக் கருத்துக்களையும் தம் பெட்டிகளிற் கொண்டுவந்தனர்.

பிற்காலத்தில் வந்தோரின் கதை இன்னும் ஆழ்ந்து நோக்கத் தக்கது. கால்வாயும் புகையிரதப் பாதைகளும் மேற்குச் சமவெளிகளின் கோதுமையைச் சிக்காக்கோவுக்குக் கொண்டுவந்து குவித்தன. மக்கோமிக் என்பவர் 1847 இல் அங்கு நிறுவிய தொழிற்சாலையின் அறுவடை இயந்திரங்கள் அச்சமவெளிகளில் மனிதக் கைகளின் தேவையைக் குறைத்தன. நீராவிக் கப்பற் கட்டணம் வீழ்ந்தது. 1870 களை அடுத்து இம்மலிந்த கோதுமை ஐரோப்பியச் சந்தைகளிற் பாய்ந்தபோது அங்கே தானிய விலை சரிந்தது. ஏற்கெனவே துண்டுபட்ட நிலத்தோடும் வரிச்சுமையோடும் போராடிக்கொண்டிருந்த போலந்து, கலீசிய, தென்னித்தாலியச் சிறு விவசாயி நிலைகுலைந்தான். அவன் நிலத்தை விட்டான், துறைமுகத்தை நாடினான், ஈற்றிற் சிக்காக்கோவை அடைந்தான். அவனை வீழ்த்திய கோதுமை எங்கிருந்து புறப்பட்டதோ அங்கேயே அவனும் கூலிக்கு வந்து நின்றான். ஓரிடத்து உற்பத்திப் பெருக்கம் மற்றோரிடத்து உழவனை நிலமற்றவனாக்கி, அவனையே மலிவான தொழிலாளியாகத் தன்பால் இழுத்துக்கொள்ளும் இவ்வியக்கத்தை விளங்கிக்கொள்ளாதவர், குடிப்பெயர்வு வரலாற்றைத் தனிமனிதத் துணிச்சலின் கதையாகவே காண்பர். ரஷ்யப் பேரரசின் யூதர்கள்பால் இதனோடு வேறொன்றும் சேர்ந்தது: 1881 இன் பின் அவர்கள்மீது கட்டவிழ்த்து விடப்பட்ட இனப் படுகொலைகள்.

1892 ஜனவரி முதல் நாளில் நியூயோர்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு நிலையம் திறக்கப்பட்டது. 1907 ஆம் ஆண்டில் மட்டும் பன்னிரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அமெரிக்காவினுட் புகுந்தனர். வந்தவர் யாவரும் தங்கினர் என்றும் நாம் கருதுதலாகாது. இத்தாலியரிற் பெருந்தொகையினர் சில ஆண்டுகள் உழைத்து மிச்சம் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினர். சிலர் பன்முறை போய் வந்தனர்.

1871 அக்டோபரிற் சிக்காக்கோவை எரித்த பெருந்தீயைப் பற்றிய ஒரு சிறு செய்தி இவ்விடத்திற் பொருத்தமாகும். நகரின் மூன்றிலொரு பங்கு அழிந்தது. முந்நூறு பேரளவில் மாண்டனர். ஒரு இலட்சம் பேர் வீடிழந்தனர். தீயைத் தொடக்கியவள் யார் என்பதிற் பத்திரிகைகளுக்கு ஐயமே இருக்கவில்லை: கதரின் ஓ’லியரி என்ற ஐரிஷ் ஏழைப் பெண். அவளது பசு விளக்கை உதைத்து வீழ்த்திற்றாம். விசாரணையில் இது நிறுவப்படவில்லை. எனினும் அப்பெண் சாகும்வரை அப்பழியைச் சுமந்தாள். 1997 இல், நூற்றிருபத்தாறு ஆண்டுகள் கழிந்தபின், அவள் குற்றமற்றவள் என நகரசபை தீர்மானம் நிறைவேற்றியது. நகரத்துக்கு ஒரு கேடு நேர்ந்ததும் அந்நியன் வீட்டுத் தொழுவத்தை நோக்கிக் கை நீட்டும் வழக்கத்துக்கு இதனினும் தெளிவான சான்று அரிது. எரிந்த நகரை மீளக் கட்டியதும் அதே அந்நியரே. 1885 இல் இரும்புச் சட்டகத்தின்மீது பத்து மாடிகளோடு எழுந்த காப்புறுதிக் கம்பனிக் கட்டடம் வானளாவிகளின் முன்னோடி எனப்படுகின்றது. அதன் சிற்பியின் பெயரை நூல்கள் கூறும். இரும்பை உயரத் தூக்கிப் பொருத்தியவரின் பெயர் எந்நூலிலும் இல்லை.

நகரின் தென்புறத்தில் 1865 ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் நாளன்று திறக்கப்பட்ட கால்நடைத் தொழுவங்களும் அவற்றைச் சூழ்ந்த இறைச்சித் தொழிற்சாலைகளும் சிக்காக்கோவின் மெய்யான இதயம் என்று சொல்வது மிகையாகாது. ஸ்விப்ட், ஆமர் முதலிய முதலாளிகள் குளிரூட்டிய புகையிரதப் பெட்டிகளில் இறைச்சியை நாடெங்கும் அனுப்பினர். 1900 ஆம் ஆண்டளவில் இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே வேலை செய்தனர். அவ்வேலை எவ்வாறு அமைந்திருந்தது? பழைய கசாப்புத் தொழிலாளி ஒருவன் விலங்கு முழுவதையும் தானே அறுத்துப் பிரிக்க வல்லவன். புதிய முறையில், தலைக்குமேல் ஓடும் தண்டவாளத்திற் தொங்கிய உடல் தொழிலாளர் வரிசையைக் கடந்து நகர்ந்து சென்றது. ஒவ்வொருவனும் ஒரேயொரு வெட்டை மாத்திரம் வெட்டினான். அதனையே நாள் முழுதும் வெட்டினான். வேகத்தைத் தீர்மானித்தது தண்டவாளம். கைத்திறனுக்கு அங்கு மதிப்பில்லை; ஆகவே நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய லித்துவேனிய உழவனையும் இன்று வரிசையில் நிறுத்த முடிந்தது. ஹென்றி போர்ட் தமது மோட்டார்த் தொழிற்சாலையில் 1913 இற் புகுத்திய நகரும் வரிசைக்கு மூலக்கருத்து இத்தொழிற்சாலைகளிலிருந்தே வந்ததென அவரே எழுதியுள்ளார். எமது காலத்து உற்பத்தி முறையின் தொட்டில் ஒரு கொலைக்களம்!

தொழிற்சாலைக் கழிவு சிக்காக்கோ ஆற்றின் ஒரு கிளையிற் கொட்டப்பட்டது. அழுகிய கொழுப்பும் குருதியும் அடியிற் புளித்துக் குமிழிகளாக மேலெழுந்தமையால் மக்கள் அதற்குக் ‘குமிழி ஓடை’ என்று பெயரிட்டனர். ஆறு ஏரியிற் கலந்தது. ஏரியிலிருந்தே நகருக்குக் குடிநீர் வந்தது. 1891 இல் நெருப்புக் காய்ச்சலால் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் இறந்தனர். இதன் பின்னரே இருபத்தெட்டு மைல் நீளக் கால்வாயொன்றை வெட்டி, 1900 ஜனவரியில் ஆற்றின் ஓட்டத்தையே திருப்பிவிட்டனர். பொறியியலின் வெற்றி என இதனைப் போற்றுவர். கழிவோ ஒழியவில்லை, கீழ்நிலத்து ஊர்களை நோக்கிச் சென்றது, அவ்வளவே.

இத்தொழுவங்களின் வாழ்வை உலகறியச் செய்தவர் அப்ரன் சின்கிளெயர். 1904 இல் ஏழு வாரங்கள் அங்கு தங்கி அவர் எழுதிய ‘தி ஜங்கிள்’ என்ற நாவல் முதலில் ஒரு சோஷலிச வார ஏட்டில் வெளிவந்து, 1906 இல் நூலாயிற்று. லித்துவேனியக் குடும்பமொன்றின் சிதைவே அதன் பொருள். நூலைப் படித்த நடுத்தர வர்க்கம் கொதித்தெழுந்தது, எதற்காக? தன் உணவு மேசைக்கு அழுகிய இறைச்சி வருகிறது என்பதற்காக! அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் நிறைவேறிற்று. தொழிலாளியின் கூலிக்கோ வேலை நேரத்துக்கோ அச்சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. மக்களின் இதயத்தைக் குறிவைத்த தாம் தற்செயலாக வயிற்றைத் தாக்கிவிட்டதாகச் சின்கிளெயரே பின்னர் மனம் வருந்திக் கூறினார். இலக்கியம் சமூகத்தை மாற்றுமா என்று எம்மிடையே நடைபெறும் விவாதங்களில் இந்நாவலின் கதி ஓர் எடுத்துக்காட்டாக வைக்கத் தக்கது.

தொழிலாளர் வாழ்ந்த பகுதிகளை ஆராய்ந்தோருள் முதன்மையானவர்கள் பெண்களே. 1889 இல் ஜேன் அடம்ஸும் எலன் ஸ்ராரும் மேற்குப் புறத்துச் சேரியில் ஹல் இல்லத்தை நிறுவினர். வசதி படைத்த வீட்டுப் பெண்களின் தரும சிந்தனை எனச் சிலர் இதனை ஒதுக்குவர். நாம் அவ்வாறு கருதவில்லை. அவ்வில்லத்திற் சேர்ந்து பணிபுரிந்த புளோரன்ஸ் கெலி, இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை பற்றி ஏங்கல்ஸ் எழுதிய நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்வாராக. அம்மொழிபெயர்ப்பு 1887 இல் வெளியாயிற்று. மன்செஸ்ரரை ஏங்கல்ஸ் நோக்கிய அதே கண்ணோடு கெலி சிக்காக்கோவை நோக்கினார். வீடுவீடாகச் சென்று திரட்டிய செய்திகளைக் கொண்டு, எவ்வினத்தவர் எங்கு வாழ்கின்றனர், எக்குடும்பத்தின் வாரவருமானம் யாது என்பவற்றை வர்ணம் தீட்டிக் காட்டிய தேசப்படங்கள் 1895 இல் நூலாக வெளிவந்தன. 1893 இல் இல்லினோய் மாநிலம் பெண்களுக்கு எட்டு மணி நேர வேலையை வரையறுத்துச் சட்டம் இயற்றவும், அதனை நடைமுறைப்படுத்தும் தலைமைத் தொழிற்சாலைப் பரிசோதகராகக் கெலி நியமனம் பெறவும் இவ்வுழைப்பே காரணமாயிற்று. ஈராண்டும் நிலைக்கவில்லை. பெண்கள் விரும்பியவாறு ஒப்பந்தம் செய்துகொள்ளும் ‘சுதந்திரத்தை’ அது பறிக்கின்றது என்று கூறி மாநில உயர் நீதிமன்றம் 1895 இல் எட்டு மணி விதியை நீக்கிற்று.

சீர்திருத்தவாதிகளுக்கு விளங்காத இன்னொரு சக்தியும் அங்கிருந்தது. ஹல் இல்லம் அமைந்த வட்டாரத்தை ஜோனி பவர்ஸ் என்ற நகரசபை உறுப்பினர் ஆட்டிப் படைத்தார். கிறிஸ்மஸுக்கு வான்கோழி வழங்குவார். மரண வீடுகளுக்குத் தவறாது செல்வார். வேலையற்றவனுக்கு நகரசபையில் வேலை தேடிக் கொடுப்பார். மறுபுறத்தில் வீதிப் புகையிரதக் கம்பனிகளுக்கு நகரின் உரிமைகளை விற்பார். இவரைத் தோற்கடிக்க ஹல் இல்லத்தார் எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. ஏன் பலிக்கவில்லை என்று 1898 இல் ஜேன் அடம்ஸ் எழுதிய கட்டுரை நேர்மையானது. துன்பம் வந்தபோது வாயிற்படியில் வந்து நிற்பவனையே ஏழை நம்புகிறான் என்பதை அவர் கண்டுகொண்டார். இத்தகைய அரசியல்வாதிகளை அறிய நாம் அமெரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை என்று வாசகர்கள் கூறுவது எமக்குக் கேட்கின்றது.

இனி, போராட்டத்தைப் பற்றிப் பேசுவோம். 1886 மே முதல் நாளன்று எட்டு மணி நேர வேலை கோரி நாடெங்கும் இலட்சக் கணக்கான தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் மையம் சிக்காக்கோ. மே 3 இல் மக்கோமிக் தொழிற்சாலை வாயிலிற் பொலிசார் சுட்டனர். அதனைக் கண்டித்து மறுநாள் ஹேமார்க்கெட் சதுக்கத்திற் கூடிய கூட்டம் கலையும் தறுவாயிற் பொலிசார் புகுந்தபோது யாரோ குண்டெறிந்தான். எறிந்தவன் யாவன் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. எண்மர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர்களில் ஐவர் ஜேர்மனியிற் பிறந்தோர். ஒருவர் இங்கிலாந்திற் பிறந்தவர். குற்றவாளிக் கூண்டில் நின்றது குண்டன்று, கருத்து. அதனோடு அந்நியமும் நின்றது. ஜேர்மன் மொழித் தொழிலாளர் ஏட்டின் ஆசிரியர் ஓகஸ்ற் ஸ்பீஸ், அமெரிக்கரான அல்பேட் பார்சன்ஸ், அடோல்ப் பிஷர், ஜோர்ஜ் எங்கல் ஆகிய நால்வரும் 1887 நவம்பர் 11 இல் தூக்கிலிடப்பட்டனர். லூயிஸ் லிங் முதல்நாளே சிறையில் மாண்டான். 1889 இற் பாரிஸிற் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு மே முதல் நாளைத் தொழிலாளர் நாளாகத் தெரிந்தெடுத்தது. எமது வீதிகளில் ஆண்டுதோறும் செங்கொடி ஏந்திச் செல்வோர் நினைவுகூர்வது சிக்காக்கோவையே.

விவேகானந்தர் பேசிய அதே 1893 இல், அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், எஞ்சிச் சிறையிலிருந்த மூவரையும் மாநில ஆளுநர் ஜோன் ஆல்ற்கெல்ட் விடுதலை செய்தார். கருணை காட்டுவதாக அவர் சொல்லவில்லை. விசாரணையே நீதியற்றது என்று விரிவாக எழுதினார். அவரும் ஜேர்மனியிற் பிறந்து கைக்குழந்தையாக அமெரிக்காவுக்கு வந்தவர். 1896 தேர்தலில் அவர் தோற்றார்.

அமெரிக்காவில் உறுதியான தொழிலாளர் கட்சி ஏன் உருவாகவில்லை என்பதை ஆராய்ந்த ஏங்கல்ஸ், 1892 இல் எழுதிய ஒரு கடிதத்தில், அங்கு பிறந்த தொழிலாளரும் குடியேறியோரும் பிரிந்து நிற்பதையும், குடியேறியோர் தமக்குள் ஐரிஷ், ஜேர்மன், மற்றும் பல சிற்றினங்களாகச் சிதறிக் கிடப்பதையும், இவர்களோடு கறுப்பரும் தனித்து நிற்பதையும், இவ்வேற்றுமைகளை முதலாளிகள் திறமையாகப் பயன்படுத்துவதையும் சுட்டிக்காட்டினார். அடுத்த இரண்டாண்டுகளிலேயே அதற்குச் சான்று கிடைத்தது. புல்மன் கம்பனி தன் தொழிலாளரின் கூலியைக் குறைத்து, அவர்கள் வாழ்ந்த கம்பனி வீடுகளின் வாடகையைக் குறைக்க மறுத்தபோது, யூஜின் டெப்ஸ் தலைமையிலான புகையிரதத் தொழிலாளர் சங்கம் 1894 இல் நாட்டின் போக்குவரத்தையே நிறுத்தியது. ஆளுநர் ஆல்ற்கெல்டின் எதிர்ப்பையும் மீறி ஜனாதிபதி கிளீவ்லண்ட் படையை அனுப்பினார். போராட்டம் தோற்றது. படை ஒரு காரணம். அதே ஆண்டு அச்சங்கத்தின் மாநாடு கறுப்பர்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்று சிறு பெரும்பான்மையால் முடிவு செய்திருந்தமையை நாம் மறைத்தலாகாது. புல்மன் பெட்டிகளிற் பணிபுரிந்த கறுப்பர் ஆயிரக்கணக்கினர். 1904 இல் இறைச்சித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முதலாளிகள் தென்மாநிலக் கறுப்பர்களைக் கருங்காலிகளாகக் கொண்டுவந்து நிறுத்தினர். சங்கத்தின் வாயில் அடைக்கப்பட்டவனுக்கு முதலாளியின் வாயில் திறந்திருந்தது.

எனினும் வேற்றுமை வெல்லப்பட முடியாததன்று. 1910 செப்டெம்பரில் ஹார்ட், ஷாப்னர், மார்க்ஸ் என்னும் பெரும் ஆடைக் கம்பனியின் ஒரு பட்டறையில் (இந்த மார்க்ஸ் வேறு மார்க்ஸ்!) சட்டைப்பை தைக்கும் கூலி நான்கு சதத்திலிருந்து மூன்றே முக்காற் சதமாகக் குறைக்கப்பட்டது. காற் சதம்! ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த, இருபது வயதும் நிரம்பாத ஹன்னா ஷப்பிரோ என்ற யூதப் பெண்ணும் அவளோடு பதினைந்து பேரளவிலான தோழியரும் ஊசியை வைத்துவிட்டு வெளியேறினர். ஆண் தொழிலாளர் முதலில் நகைத்தனர். சில வாரங்களில் யூதர், இத்தாலியர், போலந்தினர், செக்கர் என நாற்பதினாயிரம் பேர் வீதியில் நின்றனர். அங்கீகாரம் பெற்ற பழைய சங்கத்தின் தலைவர் தொழிலாளரைக் கேளாது செய்துகொண்ட உடன்படிக்கையை அவர்கள் தூக்கியெறிந்தனர். ஏனைய கம்பனிகள் பணியவில்லை. ஆனால் அப்பெருங் கம்பனி 1911 ஜனவரியில் மத்தியஸ்தத்துக்கு இணங்கிற்று. 1914 இல் எழுந்த புதிய ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் வேர் இப்போராட்டத்திலேயே உள்ளது.

முதலாம் உலகப் போர் ஐரோப்பியரின் வருகையைத் தடுத்ததும் தொழிற்சாலைகள் தெற்கு நோக்கின. 1910 இல் 44,103 ஆக இருந்த சிக்காக்கோவின் கறுப்பர் தொகை 1920 இல் 1,09,458 ஆயிற்று. 1919 ஜூலையில், ஏரியில் வெள்ளையர் தமக்கென உரிமை கொண்டாடிய பகுதிக்கு மிதந்து சென்ற ஒரு கறுப்பு இளைஞன் கல்லெறியால் மூழ்கி இறந்தான். தொடர்ந்த கலவரத்தில் முப்பத்தெண்மர் மாண்டனர். அவர்களில் இருபத்துமூவர் கறுப்பர். நேற்றைய அந்நியரான ஐரிஷ்காரரின் இளைஞர் குழுக்கள் இதில் முன்னின்றமை வரலாற்றின் கசப்பான செய்திகளுள் ஒன்று.

வாயில்களும் மூடப்பட்டன. 1882 இலேயே சீனத் தொழிலாளரைத் தடுத்த சட்டத்துக்கு வெள்ளைத் தொழிற்சங்கங்கள் ஆதரவளித்திருந்தன. 1917 ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானிய இந்தியா உட்பட ஆசியாவின் பெரும் பகுதியை விலக்கிற்று. 1923 இற் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியரின் வழக்கில் இந்தியர் ‘வெள்ளையர்’ அல்லராகையாற் குடியுரிமை பெறத் தகுதியற்றோர் என நாட்டின் அதியுயர் நீதிமன்றம் தீர்த்தது. 1924 ஆம் ஆண்டுச் சட்டம் 1890 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை அளவுகோலாகக் கொண்டது. தெற்கு, கிழக்கு ஐரோப்பியர் பெருமளவில் வருமுன் எடுக்கப்பட்ட கணக்கு என்பதே அதனைத் தெரிந்தமைக்குக் காரணம். முன்னர் ஆண்டுக்கு இரண்டு இலட்சம் பேர் வந்த இத்தாலிக்கு 3,845 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்த இனவாரிப் பங்கீடு 1965 வரை நீடித்தது.

தொழுவங்களில் நிலைமை 1930 களில் மாறிற்று. 1937 இல் எழுந்த புதிய அமைப்பு, 1904 இன் தோல்வியைக் கற்றறிந்தவர்களால் வழிநடத்தப்பட்டு, போலந்தினரையும் லித்துவேனியரையும் கறுப்பரையும் மெக்சிக்கரையும் ஒரே சங்கத்திற் சேர்த்தது. 1943 இல் அது ஐக்கிய இறைச்சித் தொழிலாளர் சங்கமாயிற்று. முதலாளிகளோ அதற்குள் வேறிடம் தேடத் தொடங்கிவிட்டனர். பழைய தொழிற்சாலைகள் 1950 களில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன; 1971 இல் தொழுவங்களே மூடப்பட்டன. இறைச்சித் தொழில் அயோவா, நெப்ராஸ்கா, கன்சாஸ் மாநிலங்களின் சிற்றூர்களுக்குப் பெயர்ந்தது. இன்று அங்குள்ள வரிசைகளில் மெக்சிக்கோ, குவாத்தமாலா, சோமாலியா, பர்மா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் கத்தியோடு நிற்கின்றனர்.